மோர்ஹெட்–கெய்ன் உதவித்தொகை

மோர்ஹெட்–கெய்ன் உதவித்தொகை அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களுக்கு வழங்கப்படுவது. அங்கே படித்த வேதியியலாளர் ஜான் மோட்லி மோர்ஹெட், ஆக்ஸ்போர்டின் ரோட்ஸ் உதவித்தொகையை முன்மாதிரியாகக் கொண்டு 1945-ல் இதற்கான அறக்கட்டளையை நிறுவினார். அவருடைய செல்வம் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் வழியே வந்தது. 1984-ஆம் ஆண்டின் போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின் இந்தியர் மறக்க முடியாத பெயர் அது. மோர்ஹெட் 1965-லேயே காலமாகிவிட்டார்.

படிப்பு, தலைமைப்பண்பு, ஒழுக்கம், உடல்வலு ஆகியவை பார்க்கப்பட்டன. குடும்ப வருமானம் பார்க்கப்படவில்லை. கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள் என நான்காண்டுச் செலவு முழுவதும் இதில் அடங்கும். வரலாறோ தத்துவமோ, பாடம் மாணவரின் விருப்பம். ஆனால் தகுதி என்பது தொடக்கத்தில் ஆண்களின் தகுதியாகவே இருந்தது. 1970-களின் நடுவில்தான் பெண்களும் தேர்வாயினர். 2007-ல் கார்டன், மேரி கெய்ன் பெயரிலான அறக்கட்டளை 10 கோடி டாலர் அளித்ததை அடுத்து இரண்டாவது பெயர் சேர்ந்தது.