ஒரு வாளித் தண்ணீர்

எங்க ஊர் டீக்கடையில் பட்டறைக்குக் கீழே ஒரு வாளி இருக்கும். விடியக்காலையில் நிரப்பிய தண்ணீர். குடித்துவிட்டு வைக்கிற கிளாஸை எல்லாம் அதில் முக்கி எடுத்துத்தான் அடுத்த டீயை ஊற்றுவார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும், மேலே பாலாடை மிதக்கும். பீடி குடித்த வாய், வெத்தலை போட்ட வாய், இருமிக்கொண்டே குடித்த வாய் எல்லாம் அந்த வாளிக்குள் கலந்துதான் அடுத்த ஆளுக்குப் போகும். ஊர்க்காரர் யாரும் அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்த வாளிக்குள் இறங்கக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். சேரிக்காரன் கிளாஸ்.

எங்கள் கிளாஸ் கூரை இறவாரத்தில் செருகியிருக்கும். எங்க அய்யா காலத்தில் சிரட்டை, என் காலத்தில் அலுமினியக் குவளை. நாமே எடுத்து, நாமே கழுவி, தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கணும். கடைக்காரர் கை படாமல் மேலேயிருந்து ஊற்றுவார். குடித்து முடித்ததும் மறுபடி கழுவி, கவிழ்த்து, இருந்த இடத்திலேயே செருகணும். காசையும் தரையில்தான் வைக்கணும். ஆக, அந்தக் கடையில் தினமும் இரண்டு தடவை மண் போட்டுத் தேய்த்துக் கழுவப்பட்ட பாத்திரம் ஒன்று உண்டென்றால் அது எங்களுடையதுதான். தீட்டுள்ளது என்று ஒதுக்கி வைத்ததும் அதைத்தான்.

கோயில், குளம் என்றால் ஆகமம், மனு என்று எதையாவது தூக்கிக் காட்டுவார்கள். டீக்கு எதைக் காட்டுவார்கள்? இது நேற்று வந்த சரக்கு. இலங்கையில் 1867இல் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். இரண்டு வருஷம் கழித்துக் காப்பிச் செடியில் இலைநோய் விழுந்து, காப்பித் தோட்டங்கள் அழிய, மலை முழுக்கத் தேயிலை ஏறியது. ஏற்றியவர்கள் யார்? திருச்சி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் பக்கமிருந்து கங்காணி கூட்டிப்போன சனங்கள். பள்ளர், பறையர், சக்கிலியர் அதில் பெரும்பகுதி. ஆனைமலையில் நடந்ததும் இதே கதைதான். அங்கே தோட்ட மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. படிக்காதவர்கள் தேடிப் படிக்கணும்.

நம்ம ஊர்ச் சனத்துக்கு டீ குடிக்கக் கற்றுக் கொடுத்தது வியாபாரம். 1903இல் தேயிலை ஏற்றுமதி மீது வரி போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். முப்பதுகளில் அது மும்முரமானது. தெருத்தெருவாகப் போய் டீ போட்டுக் காட்டி, இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்கள். டீ போடும் முறையை இந்திய மொழிகளில் எனாமல் பலகையில் எழுதி மாட்டினார்கள். புதுத் தண்ணீரைக் கொதிக்க வை, பாத்திரத்தை முதலில் சூடு காட்டு, ஆளுக்கு ஒரு கரண்டி, பாத்திரத்துக்கு ஒரு கரண்டி, ஐந்து நிமிஷம் ஊற விடு. இப்படிப் போகும் அந்தப் பாடம். குடித்த பாத்திரத்தை எந்தச் சாதிக்காரன் கழுவணும் என்று எந்த வெள்ளைக்காரனும் அதில் எழுதவில்லை. அந்த வரியைச் சேர்த்துக் கொண்டவர்கள் ஊர்க்காரர்கள்.

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் (1964) 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. அந்தக் கணக்கில் வந்து சேர்ந்தவர் எங்க அம்மாச்சி. அட்டன் பக்கம் லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து விரல் கருத்தவர். துரை பங்களா சமையலறையில் கொஞ்ச நாள் எடுபிடியாக இருந்திருக்கிறார். துரைசானியின் டீப்பாட்டை உள்ளே சோப்புப் போட்டுக் கழுவக் கூடாதாம். வெறும் சுடுதண்ணி விட்டு அலசிக் கவிழ்க்கணுமாம், சாயம் ஏற ஏறத்தான் ருசியாம். "வருசக் கணக்கா கறை புடிச்சுக் கெடக்கும். அத மவராசி மாதிரி மேசையில வப்பாக. நம்ம கேத்தலச் சாம்பல் போட்டு வெளக்கி வச்சாலும் நாம அழுக்குச் சனம்" என்று சொல்லிச் சிரிப்பார். மதராஸ் பட்டணத்து வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைகளில் பறையர் ஏராளமாக வேலை பார்த்தார்கள். நம் கையால் டீ வாங்கிக் குடித்த அந்தத் துரைமார்தான் ஊர்க்காரருக்குக் கலெக்டர், ஜட்ஜ், எசமான்.

ஊருக்கு வந்த முதல் வாரம் அம்மாச்சி டீக்கடைக்குப் போனார். இறவாரத்தைக் கை காட்டினார்கள். "நான் பறிச்ச எலைய நான் கழுவித்தான் குடிக்கணுமாடா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினவர், சாகிற வரை அந்தக் கடையில் குடிக்கவில்லை. வீட்டில் அந்தக் கேத்தலில்தான் சாயத்தண்ணி.

கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தக் கணக்குத் தீர்ந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் நம் சனங்களுக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும்தான் ஊற்றினார்கள். 1957இலேயே அங்கே சட்டம் வந்தாயிற்று, கடைக்காரர் அசையவில்லை. 1966 அக்டோபர் 21 சுன்னாகம் ஊர்வலத்துக்குப் பிறகு கோயில் வாசலில் நடந்த போராட்டம் கடை வாசலிலும் நடந்தது. அடிபட்டு, உயிர் கொடுத்துத்தான் அந்தப் பெஞ்சில் உட்கார முடிந்தது. கே. டேனியல் அந்தப் போராட்டத்துக்குள் நின்று எழுதியவர்.

இங்கே 1955இல் ஒரு சட்டம், 1989இல் இன்னொரு சட்டம். சட்டம் தெரிந்த கடைக்காரர் இறவாரக் குவளையை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் கப் வாங்கிப் போட்டார். ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குக் கப். கேட்டால், "சுகாதாரம்ப்பா, நல்லதுதானே" என்பார். வழக்குப் போடவும் பிடி கிடைக்காது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை வந்தபோது, எங்க பக்கத்துக் கடையில் கொஞ்ச நாள் தடுமாறினார்கள். நமக்கு எதில் ஊற்றுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை. வாளிக்குள் விட மனசு வரவில்லை, இறவாரத்தில் செருகப் பயம். பிறகு பேப்பர் கப் வந்தது.

இப்போது அந்தக் கடையில் ஊருக்கும் சேரிக்கும் ஒரே பேப்பர் கப்தான், வாளியே இல்லை. குடித்துப் போட்ட கப் எல்லாம் வாசலில் குவிந்து கிடக்கும். விடிகாலையில் அதைக் கையால் அள்ளிக் கூடையில் போடுகிறவர் எங்க தெருக்கார அக்கா.