பொன்னுத்தம்பி பிள்ளை காலணி வழக்கு

பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873ஆம் ஆண்டு இவர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குச் சென்றார். இந்தியர்கள் அவ்வாறு வரக்கூடாது என்பது அந்நாளைய வழக்கம். அதைக் காட்டி, நீதிபதி அவரை வாதாட அனுமதிக்கவில்லை.

ஒரே பட்டம், ஒரே தொழில். ஆயினும் ஐரோப்பிய வழக்கறிஞருக்கு இல்லாத தடை இந்தியருக்கு இருந்தது. தடையை ஏற்றுக் காலணியைக் கழற்றியிருந்தால் அவருடைய தொழில் இடையூறின்றி நடந்திருக்கும். ஆனால் பொன்னுத்தம்பி பிள்ளை வழக்கைப் பாரிசில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். அந்த நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை பெற்றிருந்த ழூல் கொதேன் என்ற பிரெஞ்சு வழக்கறிஞர் அவருக்காக வாதாடினார். புதுச்சேரியில் அளிக்கப்பட்ட தீர்ப்பு நீக்கப்பட்டது.

கொதேன் செய்தது அனுதாபம் தெரிவிப்பதோடு நிற்கவில்லை. சக வழக்கறிஞர் நேரில் நின்று பேச இயலாத மன்றத்தில், தமக்கிருந்த இடத்தை அவருக்காகப் பயன்படுத்தினார். 1876இல் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாக கொதேன் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் செனட் உறுப்பினராகவும் இருந்தார்.

இதன் தொடர்ச்சியாக 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஓர் ஆணை வெளியானது. இந்து, இசுலாமிய மரபுவழிச் சட்டங்களையும் சாதி வழக்கங்களையும் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க விரும்புவோர் அவ்வாறு அறிவிக்க இந்த ஆணை வழிசெய்தது. இவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். பொன்னுத்தம்பி பிள்ளை இதில் முன்னணியில் நின்று, 'லபோர்த்' என்ற குடும்பப் பெயரை ஏற்றார். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குக் 'கதவு' என்று பொருள்.

கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் திரளாக இதை ஏற்றனர். பலர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோன் பகுதிக்குச் சென்று அரசுப் பணிகளில் சேர்ந்தனர். ஐரோப்பியருக்கு இணையான தகுதியும் ஊதியமும் கோரினர். மறுபுறம், மரபு வழக்கங்களைக் காக்க வேண்டும் என்ற நிலைப்பாடு கொண்ட சண்முக வேலாயுத முதலியார் இம்முயற்சியை எதிர்த்தார்.

இந்தக் கதவுக்கு ஒரு விலையும் இருந்தது. காலணி வழக்கில் கிடைத்த உரிமைக்காகப் பொன்னுத்தம்பி பிள்ளை எதையும் துறக்க வேண்டியிருக்கவில்லை. ஆணையின் வழியே சமத்துவம் நாடியவர்களோ தம் மரபுவழிச் சட்டத்தையும் பெரும்பாலும் பழைய பெயரையும் விட வேண்டியிருந்தது. தகுதி இருந்தும் ஒதுக்கப்படும் ஒருவருக்குத் துணை நிற்பவர் மாற்ற வேண்டியது அவரையா, அவரைத் தடுக்கும் விதியையா என்ற கேள்விக்கு இவ்வரலாறு இரண்டு விடைகளையும் காட்டுகிறது. புதுச்சேரியில் உள்ள லபோர்த் வீதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.