பஸ் அனுப்பிய சாக்லேட் கம்பெனி

புனேவுக்கு வந்த புதிதில் தீபாவளிக்கு ஆபீஸில் சோன்பப்டி டப்பா கொடுப்பார்கள். அது கைமாறிக் கைமாறி, சில சமயம் நம் வீட்டுக்கே திரும்பி வரும். இப்போது அந்த இடத்தைத் தங்கத்தாள் சுற்றிய ஃபெரேரோ ரோஷர் உருண்டைகள் பிடித்துக்கொண்டன. அப்படி வந்த ஒரு பெட்டியை ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். கிளம்பும் அன்று திறந்தால் 24-ல் 7 தான் மிச்சம். தங்கமணி மகனைப் பார்த்தார், மகன் தங்கமணியைப் பார்த்தான். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

ஊர் என்றால் கோவில்பட்டி பக்கம். கரிசல் மண்ணின் நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்து ஓர் ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த இடம். 2020-ல் எங்கள் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனால்தானோ என்னவோ, இந்தத் தங்க உருண்டைக்காரர்களின் கதையைப் படிக்க ஆரம்பித்தபோது ரொம்ப அந்நியமாகத் தெரியவில்லை. அதுவும் ஒரு கொட்டையின் கதைதான், ஒரு குடும்பத்தின் கதைதான்.

இத்தாலியின் வடமேற்கில் பியெமோந்தே மாகாணம். அதில் லாங்கே என்ற குன்றுப் பகுதி, நடுவே ஆல்பா என்ற சிறு நகரம். இன்றைக்கு அங்கே ஒயின் குடிக்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது ஏழைகளின் பூமி. பிழைக்கப் போனவர்கள் சிலர் துரின் நகரத்துக் கார் தொழிற்சாலைக்குப் போனார்கள், சிலர் அர்ஜென்டினா வரைக்கும் போனார்கள். அந்தக் குன்றுகளில் தாராளமாக விளைந்த ஒன்று ஹேசல்நட்.

பியெத்ரோ ஃபெரேரோ என்பவர் மிட்டாய், கேக் போடுகிற கைத்தொழில்காரர். 1898-ல் பிறந்தவர். அவரும் நம்மைப் போல அலைந்தவர்தான். தொலியானி, ஆல்பா, துரின் என்று கடை போட்டுப் பார்த்தார். 1930-களின் கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த இத்தாலியப் படைகளுக்கு பிஸ்கட் விற்கலாம் என்று கப்பலேறினார். அதுவும் சரிப்படவில்லை. திரும்பி வந்து 1942-ல் ஆல்பாவில் கடை திறந்தார். போர்க்காலம், கோகோ கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் யானை விலை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஹேசல்நட். அதை அரைத்துக் கொஞ்சம் கோகோ சேர்ப்பது துரின்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தைதான். 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கலவைக்கு ஜாந்தூயா என்று பெயர். பியெத்ரோ செய்தது அதை ஏழை வீட்டுக்குள் கொண்டுபோனது. வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு கட்டி, கத்தியால் சீவி ரொட்டியின் மேல் வைத்துச் சாப்பிடலாம். 1946 மே 14-ல் கம்பெனி பதிவானது. குழந்தைகள் ரொட்டியைத் தூர எறிந்துவிட்டு மேலே இருப்பதை மட்டும் தின்றார்களாம். நம்பலாம், என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

பியெத்ரோ 1949-ல் இறந்துவிட்டார். மனைவி பியேராவும் தம்பி ஜொவான்னியும் தொழிலை இழுத்துப் பிடித்தார்கள். 1957-ல் ஜொவான்னியும் போய்ச் சேர, பொறுப்பு பியெத்ரோவின் மகன் மிக்கேலே தலையில் விழுந்தது. வயது 32.

என்னை நிறுத்திய இடம் இதுதான். தொழிற்சாலை வளர வளர ஆட்கள் தேவைப்பட்டார்கள். குன்றுக் கிராமங்களைக் காலி செய்துவிட்டு எல்லாரும் ஆல்பாவுக்குக் குடிவரட்டும் என்று விட்டிருக்கலாம். கம்பெனி அதற்கு பதிலாக கிராமங்களுக்கு பஸ் அனுப்பியது. ஷிஃப்டுக்கு ஏற்றிவந்து, முடிந்ததும் வீட்டில் விட்டது. மிச்ச நேரத்தில் திராட்சைக் கொடியையும் ஹேசல்நட் மரத்தையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். சம்பளமும் வந்தது, நிலமும் கைவிட்டுப் போகவில்லை.

பஸ் என்றவுடன் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், விடியுமுன்னே எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வரும். அரைத்தூக்கத்தில் என் வயசுப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு ஏறுவார்கள். இருட்டிய பிறகுதான் திரும்பி வருவார்கள். அதுவும் வீட்டு வாசலுக்கே வந்த பஸ்தான். எனவே பஸ் அனுப்பியதற்காக மட்டும் நான் யாரையும் கொண்டாடிவிட மாட்டேன். யாரை ஏற்றினார்கள், என்ன கூலி கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். அந்தக் கணக்கில் ஆல்பாக்காரர்கள் தேறுகிறார்கள். 1994 நவம்பரில் தானரோ ஆறு பெருக்கெடுத்துத் தொழிற்சாலைக்குள் புகுந்தபோது, தொழிலாளிகள் தாங்களாகவே வந்து சேற்றை அள்ளினார்கள். சம்பள உறவு மட்டும் இருக்கிற இடத்தில் அது நடக்குமா?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டியைப் பசையாக்கி 1951-ல் சூப்பர்கிரேமா என்று விற்றார்கள். 1962-ல் இத்தாலியில் பொருளின் பெயரில் 'சூப்பர்' போடக் கட்டுப்பாடு வந்தது. பெயரை மாற்ற வேண்டிய கட்டாயத்தில் பிறந்ததுதான் நுட்டெல்லா. முதல் பாட்டில் வெளியே வந்தது 1964 ஏப்ரல் 20. அப்புறம் 1968-ல் கிண்டர் சாக்லேட், 1969-ல் டிக் டாக் (இந்தியாவுக்கென்று ஏலக்காய் வாசனையில்கூடப் போட்டார்கள்), 1974-ல் பொம்மை வைத்த முட்டை, 1982-ல் ரோஷர். ரோஷர் இளகிவிடும் என்று இத்தாலியில் வெயில் காலத்தில் கடைகளிலிருந்து எடுத்துவிடுவார்கள். நம்மூரில் அப்படி ஒரு விதி இருந்தால் வருஷத்துக்கு இரண்டு மாதம்தான் விற்க முடியும்.

மிக்கேலே கறுப்புக் கண்ணாடி போட்ட, பத்திரிகைக்காரர் கண்ணில் படாத மனிதர். பங்குச் சந்தைப் பக்கம் போகவேயில்லை. தனக்குப் பின் நிறுவனத்தை நடத்த வேண்டிய மூத்த மகன் பியெத்ரோ, 2011 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் சைக்கிள் ஓட்டும்போது இறந்ததைப் பார்த்துவிட்டு, 2015 பிப்ரவரி 14-ல் 89 வயதில் கண் மூடினார். இளைய மகன் ஜொவான்னி வேறு ரகம். அப்பா தானே செய்து பார்த்தார், மகன் வாங்கிப் போடுகிறார். 2018-ல் நெஸ்லேயின் அமெரிக்க மிட்டாய்த் தொழிலை 280 கோடி டாலருக்கு வாங்கினார். 2025-ல் அமெரிக்காவின் கெலாக்ஸ் காலை உணவுக் கம்பெனியையும் வாங்கினார். இவ்வளவு பெரிதானால் சறுக்கலும் பெரிதாகத்தான் வரும். 2022 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஆர்லோன் தொழிற்சாலையை சால்மோனெல்லா கிருமிப் பிரச்சினையால் அரசாங்கம் மூடியது. பல நாடுகளில் கிண்டர் பொருட்களைத் திரும்பப் பெற்றார்கள்.

கொட்டைக்கும் லாங்கே குன்றுகள் போதவில்லை. உலக ஹேசல்நட்டில் பெரும்பகுதி துருக்கியின் கருங்கடல் கரையில் விளைகிறது. ஒர்து, கிரேசுன் பக்கம் செங்குத்தான சரிவுகள். பறிக்க வருகிறவர்கள் நாட்டின் தென்கிழக்கிலிருந்து குடும்பத்தோடு வரும் குர்து இனத்தவரும் சிரிய அகதிகளும். பிள்ளைகளும் தோட்டத்தில் வேலை செய்வதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. கொட்டை எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று கண்காணிப்பதாக நிறுவனம் சொல்கிறது. ஆயிரக்கணக்கான சிறு தோட்டங்கள், நடுவே தரகர்கள். ஊர்விட்டுப் போகாமல் பிழைக்க வழி செய்த கம்பெனிக்கு, இன்று கொட்டை பறித்துக் கொடுப்பவர்கள் ஊர்விட்டு வந்தவர்கள்.

மிக்கேலே கடைசிக் காலத்தில் கேமரூன், தென்னாப்பிரிக்கா, இந்தியா மூன்று நாடுகளிலும் வேலைவாய்ப்பை முன்வைத்துத் தொழிற்சாலைகள் திறக்க ஏற்பாடு செய்தார். இந்தியாவில் அது எங்கே என்கிறீர்கள்? இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், பாராமதியில். 2011-லிருந்து நடக்கிறது. கிண்டர் ஜாய் அட்டையில் ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்தவன் மகன்தான். கூட்டிப்போ என்று ஒரே நச்சரிப்பு.

உள்ளே யார் விடுவார்கள்? சும்மா அந்தப் பக்கம் போய்வந்தோம். கரும்பு வெட்டும் பருவம். பீட் மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் வயலோரம் குடிசை போட்டிருந்தார்கள். ஒரு மாட்டுவண்டியில் கரும்புக் கட்டின் மேல், என் மகன் வயதிருக்கும் ஒரு பையன் உட்கார்ந்து போனான். இவன் கையில் இருந்த முட்டையைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டே வந்தான். "அந்த அண்ணாவுக்கு இன்னிக்கு ஸ்கூல் இல்லையாப்பா?" என்றான். அன்று செவ்வாய்க்கிழமை. எங்கள் பையனுக்குத்தான் ஏதோ லீவு.