நோயாளிக்கு நோயாளி தந்த சிறுநீரகம்

எச்.ஐ.வி. கிருமி கொண்டிருந்த ஒருவரின் சிறுநீரகத்தை உங்களுக்குப் பொருத்தலாமா என்று மருத்துவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? வேண்டவே வேண்டாம் என்பீர்கள் அல்லவா? 2008-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் சில நோயாளிகள் 'சரி' என்றார்கள்.

எய்ட்ஸ் என்னும் உலகக் கொள்ளைநோய் மிகக் கடுமையாகத் தாக்கிய நாடுகளுள் அது ஒன்று. இக்கிருமி சிறுநீரகத்தையும் கெடுப்பதுண்டு. சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் தேவை. அந்த இயந்திரத்தில் மெல்லிய சவ்வின் ஒருபுறம் இரத்தமும் மறுபுறம் ஒரு கரைசலும் ஓடுகின்றன. யூரியா, செறிவு மிகுந்த இரத்தத்திலிருந்து கரைசலுக்குச் செல்கிறது. நீங்கள் வகுப்பில் படிக்கும் விரவல்தான் இது! தத்துவம் எளிது, ஆனால் இயந்திரங்கள் போதவில்லை. ஆகவே அரசு மருத்துவமனைகளில், பின்னர் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தக்கவர்களுக்கே டயாலிசிஸ் தரப்பட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் அதற்குத் தகுதியற்றவர்கள் என ஒதுக்கப்பட்டனர். மருந்துகள் எய்ட்ஸிலிருந்து காத்தாலும், சிறுநீரகம் பழுதானால் அவர்களுக்கு மரணம்தான்.

கேப்டவுனில் குரூட் ஸ்கூர் மருத்துவமனை இருக்கிறது. 1967-இல் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் இதயமாற்று அறுவையைச் செய்த இடம். அங்கே அறுவை மருத்துவர் எல்மி முல்லர் ஒன்றைக் கவனித்தார். மூளைச்சாவு அடைந்தவர்களுள் எச்.ஐ.வி. இருந்தவர்களின் நல்ல சிறுநீரகங்கள் வீணாயின. அவற்றை அதே கிருமி உள்ளவர்களுக்குப் பொருத்தினால் என்ன?

அச்சத்திற்குக் காரணங்கள் இருந்தன. மருந்துக்கு அடங்காத வேறுவகை எச்.ஐ.வி. உறுப்புடன் புகுந்துவிடலாம். மேலும், புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தரவேண்டும். ஏற்கெனவே அவ்வாற்றலைத் தாக்கும் கிருமி உள்ளவருக்கு! இவற்றை அறிந்தே நோயாளிகள் இசைந்தனர். இதை வீரம் என்று மட்டும் புகழ என் மனம் ஒப்பவில்லை. மறுத்தால் மரணம் என்ற நிலையில் தரும் இசைவு எவ்வளவு சுதந்திரமானது?

முதல் நால்வரைப் பற்றிய அறிக்கை 2010-இல் வெளிவந்தது. 2015-இல் 27 பேரின் விவரம் வெளியாயிற்று: 3 ஆண்டுகளுக்குப் பின் 84 விழுக்காட்டினரும், 5 ஆண்டுகளுக்குப் பின் 74 விழுக்காட்டினரும் உயிர்வாழ்ந்தனர். மருந்துகள் கிருமியை அடக்கியே வைத்திருந்தன.

அமெரிக்காவில் இத்தகைய உறுப்புகளைப் பொருத்த 1988 முதல் சட்டத்தடை இருந்தது. 2013-இல் அது ஆராய்ச்சிக்காகத் தளர்த்தப்பட்டது. 2016-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் அறுவைகள் நடந்தன. 2024 நவம்பரில், சிறுநீரகத்திற்கும் கல்லீரலுக்கும் 'ஆராய்ச்சி மட்டுமே' என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டது.