பி.எஸ்.என்.எல். கைபேசிச் சேவையின் வரலாறு

பாரத் சஞ்சார் நிகம் லிமிடெட் (பி.எஸ்.என்.எல்.) இந்திய நடுவண் அரசுக்கு முழுமையாகச் சொந்தமான தொலைத்தொடர்பு நிறுவனம். இது 2002 அக்டோபர் முதல் கைபேசிச் சேவையை வழங்கி வருகிறது. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே நாட்டின் முன்னணிக் கைபேசி நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. பின்னர் பத்தாண்டுக்கும் மேலாக நட்டத்தில் இயங்கியது. 2020களில் உள்நாட்டுக் கருவிகளைக் கொண்டு தன் வலையமைப்பைப் புதுப்பித்தது. தனியாருடன் போட்டியிடும் வணிக நிறுவனமாகவும், வருவாய் தராத ஊர்களுக்கும் இணைப்புக் கொடுக்க வேண்டிய அரசு அமைப்பாகவும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டியிருந்ததே இந்த ஏற்ற இறக்கங்களைப் பெரிதும் தீர்மானித்தது.

தோற்றம்

1985 வரை இந்தியாவில் அஞ்சல், தந்தி, தொலைபேசி ஆகிய மூன்றும் ஒரே துறையின் கீழ் இருந்தன. அந்த ஆண்டில் தொலைத்தொடர்புத் துறை தனியாகப் பிரிக்கப்பட்டது. 1986இல் தில்லி, மும்பை ஆகிய இரு நகரங்களின் தொலைபேசிச் சேவை எம்.டி.என்.எல். என்ற அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் மற்ற பகுதிகளில் துறையே சேவையை நடத்தியது.

1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்கு வழி திறந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே நாட்டின் முதல் கைபேசி அழைப்பு. அக்காலத்தில் அழைப்பவர் மட்டுமின்றி, அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே கைபேசி வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது.

கொள்கை வகுப்பதும் உரிமம் வழங்குவதும் சேவை நடத்துவதும் ஒரே துறையின் கையில் இருந்ததால் போட்டி நியாயமாக நடக்காது என்ற கருத்து வலுத்தது. 1999ஆம் ஆண்டுக் கொள்கை இப்பணிகளைப் பிரித்தது. அரசு நிறுவனங்கள் மூன்றாவது கைபேசி நிறுவனமாகக் களமிறங்கவும் இடம் தந்தது. அதன்படி பி.எஸ்.என்.எல். 2000 அக்டோபர் 1 முதல் துறையின் சேவைப் பணிகளை ஏற்றுக்கொண்டது. தொலைபேசி நிலையங்கள், கம்பித்தடங்கள், நிலங்கள் ஆகியவற்றுடன் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் புதிய நிறுவனத்துக்கு வந்தனர்.

கைபேசிச் சேவையின் தொடக்கம்

2002 அக்டோபர் 19 அன்று லக்னோவில் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் பி.எஸ்.என்.எல். கைபேசிச் சேவையைத் தொடங்கி வைத்தார். பின்கட்டண இணைப்பு ‘செல்ஒன்’ என்றும், முன்கட்டண இணைப்பு ‘எக்ஸல்’ என்றும் பெயர் பெற்றன. தனியார் நிறுவனங்கள் பெருநகரங்களிலும் வணிக ஊர்களிலும் கவனம் செலுத்திய அந்நாளில், பி.எஸ்.என்.எல். மாவட்டத் தலைநகரங்களையும் சிற்றூர்களையும் நோக்கிச் சென்றது. தமிழ்நாட்டில் 9443, சென்னையில் 9444 எனத் தொடங்கும் எண்கள் அக்காலத்தில் வழங்கப்பட்டவை.

கட்டணங்கள் இறங்கின. 2003 மே 1 முதல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்து, வரும் அழைப்புகள் இலவசமாயின. 2006 மார்ச் 1 அன்று பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். ஆகிய இரண்டும் ‘ஒன் இந்தியா’ திட்டத்தை அறிமுகப்படுத்தின. நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற இத்திட்டம், தொலைவுக்கேற்ப எஸ்.டி.டி. கட்டணம் வாங்கும் பழைய வழக்கத்தை முடிவுக்குக் கொண்டு வந்தது.

வலையமைப்பு இயங்கும் முறை

கைபேசி வலையமைப்பின் கண்ணுக்குத் தெரியும் பகுதி கோபுரம். கோபுரத்தின் மேலுள்ள அலைவாங்கிகள் கைபேசியின் சமிக்ஞையைப் பெறுகின்றன. அடியிலுள்ள அறையிலோ பெட்டியிலோ வானொலிக் கருவிகளும் மின்கலங்களும் இருக்கும். மின்வெட்டு மிகுந்த இடங்களில் டீசல் ஜெனரேட்டரும் தேவை. அங்கிருந்து கண்ணாடி இழை வடம் வழியாகவோ நுண்ணலை வழியாகவோ அழைப்பு இணைப்பகத்தை அடைகிறது. சந்தாதாரர் எங்கிருக்கிறார், அவருடைய கணக்கில் பணம் உள்ளதா என்பதை இணைப்பகம் தரவுத்தளத்தில் சரிபார்த்து அழைப்பை உரிய இடத்துக்கு அனுப்புகிறது.

அழைப்பு வேறு நிறுவனத்தின் சந்தாதாரருக்குச் செல்லுமானால், அதை ஏற்று முடித்துத் தரும் நிறுவனத்துக்கு அழைப்பைத் தொடங்கிய நிறுவனம் பணம் தர வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயித்த இந்த இணைப்புக் கட்டணம் 2015இல் நிமிடத்துக்கு 14 காசு, 2017 அக்டோபரில் 6 காசு எனக் குறைந்து, 2021 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது.

வடங்களே பி.எஸ்.என்.எல்.லின் பெரும் பலம். பல லட்சம் கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைத் தடம் அதனிடம் உண்டு. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் முதலிய அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் செல்லும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி வடமும் இந்நிறுவனம் நிறைவேற்றிய திட்டமே. 2020 ஆகஸ்டில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன.

சிற்றூர்களின் செலவு

நூறு வீடுகள் உள்ள மலையூரில் கோபுரம் அமைக்கும் செலவு, நகரத்துக் கோபுரத்தின் செலவைவிடக் குறைவதில்லை; சாலையும் மின்சாரமும் இல்லாத இடத்தில் கூடவே ஆகும். வருவாயோ மிகச் சிறிது. இந்த இடைவெளியை நிரப்ப இரு வழிகள் வகுக்கப்பட்டன. முதலாவது, நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காட்டைப் பெற்றுச் சிற்றூர் இணைப்புக்குச் செலவிடும் பொதுச்சேவை நிதியம். இது 2002இல் தொடங்கியது. இரண்டாவது, தனியார் நிறுவனங்களின் அழைப்புகள் வழியாகப் பி.எஸ்.என்.எல்.லுக்குக் கிடைத்த பற்றாக்குறை ஈட்டுக் கட்டணம். 2003இல் வந்த இந்த இரண்டாவது ஏற்பாடு 2008இல் கைவிடப்பட்டது. கிராமத் தொலைபேசிகளின் இழப்பை ஈடு செய்த ஒரு வருவாய் இதனால் நின்றது. கடமை மட்டும் தொடர்ந்தது.

கொள்முதல் சிக்கல்களும் நட்டமும்

2004-05 நிதியாண்டில் நிறுவனத்தின் இலாபம் ரூ.10,000 கோடியைத் தாண்டியது. ஐந்தே ஆண்டுகளில், 2009-10இல், அது முதன்முறையாக ரூ.1,823 கோடி நட்டத்தைக் கண்டது. கம்பிவழித் தொலைபேசிகளை மக்கள் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது ஒரு காரணம். அந்த இழப்பைக் கைபேசி வருவாயால் ஈடுகட்ட முடியாமற்போனது அதைவிடப் பெரிய காரணம்.

நாட்டின் கைபேசி இணைப்புகள் 2006 இறுதியில் சுமார் 15 கோடியாக இருந்து, 2009 இறுதியில் 52 கோடியாகப் பெருகின. வளர்ச்சி மிக வேகமாக இருந்த அந்த மூன்று ஆண்டுகளில்தான் பி.எஸ்.என்.எல்.லின் கருவிக் கொள்முதல் தடைபட்டது. 2006இல் நான்கரைக் கோடி இணைப்புகளுக்காகக் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி நீதிமன்ற வழக்கில் சிக்கி, பிறகு அளவிலும் பாதியாகக் குறைக்கப்பட்டது. அடுத்து 9.3 கோடி இணைப்புகளுக்காகத் திட்டமிட்ட ஒப்பந்தப்புள்ளி, சாம் பிட்ரோடா குழுவின் பரிந்துரைக்குப் பின் 2010இல் கைவிடப்பட்டது. தனியார் நிறுவனம் சில வாரங்களில் முடிக்கும் கொள்முதலுக்கு, தணிக்கைக்கும் கண்காணிப்புக்கும் விடை சொல்ல வேண்டிய அரசு நிறுவனத்துக்கு ஆண்டுகள் ஆயின. நெரிசலில் அழைப்புகள் துண்டிக்கப்பட்டன. சந்தாதாரர்கள் மாற்று நிறுவனங்களை நாடினர்.

3ஜி அலைக்கற்றை பி.எஸ்.என்.எல்.லுக்குத் தனியாருக்கு முன்னரே கிடைத்தது. 2009லேயே சேவையையும் தொடங்கியது. எனினும் 2010 ஏலத்தில் தனியார் தந்த விலையையே அதுவும் செலுத்த நேர்ந்தது. 3ஜிக்கும் அகன்ற அலைவரிசைக்கும் சேர்த்துச் சுமார் ரூ.18,500 கோடி கொடுத்ததில் பல ஆண்டுச் சேமிப்பு கரைந்தது. எந்த வட்டத்தையும் விட்டுவிடும் உரிமை தனியாருக்கு இருந்தது, பி.எஸ்.என்.எல். தில்லி, மும்பை நீங்கலாக எல்லா வட்டங்களுக்கும் பணம் கட்டியது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ 4ஜி சேவையுடன் நுழைந்தபோது பி.எஸ்.என்.எல்.லிடம் 4ஜி அலைக்கற்றை இல்லை. கேரளம் போன்ற சில இடங்களில் 3ஜி அலைக்கற்றையைக் கொண்டே சிறிய அளவில் 4ஜி வழங்கியது. 2019 வாக்கில் வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஊதியத்துக்கே சென்றது.

மீட்புத் திட்டங்கள்

2019 அக்டோபரில் சுமார் ரூ.69,000 கோடி, 2022 ஜூலையில் ரூ.1.64 லட்சம் கோடி, 2023 ஜூனில் ரூ.89,047 கோடி என மூன்று மீட்புத் திட்டங்களை நடுவண் அரசு அறிவித்தது. முதல் திட்டத்தின் விருப்ப ஓய்வில் 78,569 ஊழியர்கள் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் விடைபெற்றனர். பல தொலைபேசி நிலையங்களில் பராமரிப்புப் பணி ஒப்பந்தக்காரர்களிடம் சென்றது.

2020இல் சீன எல்லை மோதலுக்குப் பின் 4ஜி ஒப்பந்தப்புள்ளி நீக்கப்பட்டு, உள்நாட்டுக் கருவிகளையே வாங்குவது என முடிவானது. மைய மென்பொருளை சி-டாட், வானொலிக் கருவிகளை தேஜஸ் நெட்வொர்க்ஸ், ஒருங்கிணைப்பை டாட்டா கன்சல்டன்சி எனப் பணிகள் பிரிக்கப்பட்டன. 1984இல் கிராமத் தொலைபேசி இணைப்பகங்களை உருவாக்கத் தொடங்கப்பட்ட சி-டாட் மீண்டும் மையத்துக்கு வந்தது. புதிய கருவிகளைச் சோதித்துச் சீராக்கக் காலம் பிடித்தது. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் நரேந்திர மோடி இவ்வலையமைப்பை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இன்றைய நிலை

2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணங்களை உயர்த்தியபோது பெருந்தொகையானோர் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினர். அதே மாத இறுதியில் வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபோது, சூரல்மலையில் இருந்த அதன் கோபுரம் ஜெனரேட்டர் கொண்டு இயக்கப்பட்டு மீட்புப் பணிக்கு உதவியது. 2024-25ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் ரூ.262 கோடி இலாபம் கிடைத்தது. 2007க்குப் பின் வந்த முதல் காலாண்டு இலாபம் இது. ஆயினும் முழு ஆண்டுக் கணக்கு ரூ.2,247 கோடி நட்டத்திலேயே முடிந்தது. கைபேசிச் சந்தையில் அதன் பங்கு ஏறத்தாழ 8 விழுக்காடு.

போட்டியாளர்கள் 5ஜியைப் பரப்பிவிட்ட காலத்தில் பி.எஸ்.என்.எல். 4ஜியை நிறைவு செய்து வருகிறது. இணைப்பே இல்லாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டு செல்லும், 2022இல் ஒப்புதல் பெற்ற ரூ.26,316 கோடித் திட்டமும் இதன் பொறுப்பிலேயே உள்ளது. இக்கோபுரங்களை எழுப்பும் செலவையும் முதல் ஐந்தாண்டு இயக்கச் செலவையும் அரசு ஏற்கிறது. அதன் பிறகு அவற்றை ஆண்டுதோறும் இயக்கும் செலவை யார் ஏற்பது என்பதே, 2008இல் ஈட்டுக் கட்டணம் நின்ற நாள் முதல் இந்நிறுவனத்தைத் தொடர்ந்து வரும் கேள்வி.