சிதறிய வாக்கும் சிறு கட்சியும்: மியான்மரின் தேர்தல் முறை மாற்றம்

மியான்மரில் 1990 மே மாதம் நடந்த பொதுத்தேர்தலில் தேசிய ஐக்கியக் கட்சி சுமார் 21 விழுக்காடு வாக்குப் பெற்றது. கிடைத்த இடங்கள் 10. அதே தேர்தலில் ஷான் தேசிய இனங்களின் ஜனநாயக லீக் 2 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கில் 23 இடங்களை வென்றது. முதல் கட்சியின் வாக்குகள் நாடெங்கும் சிதறியிருந்தன. ஷான் கட்சியின் வாக்குகள் ஒரே மாநிலத்தில் குவிந்திருந்தன. ஒரு தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்ற முறையின் விளைவு இது. தமிழ்நாட்டிலும் 2014 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. 23 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றும் ஓரிடமும் வெல்லவில்லை.

ஆகவே சிறு கட்சிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தேர்தல் முறை நன்மை தராது. 2015இல் ஷான் கட்சியும் அரக்கான் தேசியக் கட்சியும் கீழவையில் தலா 12 இடங்களைப் பிடித்தன. தேசிய ஜனநாயக லீக்கிலிருந்து பிரிந்த தேசிய ஜனநாயக சக்தி என்ற கட்சிக்கோ நாடாளுமன்றத்தில் ஓரிடமும் இல்லை. விகிதாசார முறை வேண்டும் என்று 2014இல் கீழவையில் வாதாடியது இந்தக் கட்சிதான். தங்கள் மாநில இடங்களை இழக்க நேரும் என்று அஞ்சி இனவழிக் கட்சிகள் பல அதை எதிர்த்தன. அவைத்தலைவர் ஷ்வே மான் விவாதத்தை அத்துடன் முடித்துவைத்தார்.

2021 பிப்ரவரி 1இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் விகிதாசார முறையை மீண்டும் எடுத்தது. 2015இல் இராணுவ ஆதரவுக் கட்சியான யூ.எஸ்.டி.பி. சுமார் 28 விழுக்காடு வாக்குக்குக் கீழவையில் 30 இடங்களையே பெற்றிருந்தது. எனவே இந்த மாற்றத்தில் யாருக்கு ஆதாயம் என்பது வெளிப்படை. இப்போது கீழவைக்குப் பழைய முறையே நீடிக்கிறது. மேலவையிலும் மாநில, பிராந்திய அவைகளிலும் இரண்டும் கலந்த முறை வந்துள்ளது. அரசியல் சட்டப்படி எல்லா அவைகளிலும் கால்பங்கு இடங்கள் முன்போலவே இராணுவத்துக்குரியவை.

ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்தது. 2023 ஜனவரியில் வந்த கட்சிப் பதிவுச் சட்டம், நாடு முழுவதும் போட்டியிடும் கட்சிக்கு 1,00,000 உறுப்பினர்களும் 10 கோடி கியாட் வைப்பு நிதியும் வேண்டும் என்றது. உறுப்பினர் எண்ணிக்கை பின்னர் 50,000 ஆகக் குறைக்கப்பட்டது. மறுபதிவு செய்யாத 40 கட்சிகள், ஆங் சான் சூ கீயின் கட்சி உட்பட, 2023 மார்ச்சில் கலைக்கப்பட்டன. முதற்கட்ட வாக்குப்பதிவு 2025 டிசம்பர் 28இல் நடந்தபோது, நாடளாவிய நிலையில் போட்டியிட்ட கட்சிகள் 6 மட்டுமே. போர் நடக்கும் பல டவுன்ஷிப்களில் வாக்குப்பதிவே இல்லை.

இதில் தமிழருக்கு என்ன? 1935 சட்டத்தின் கீழ் அமைந்த பர்மா கீழவையின் 132 இடங்களில் 8 இந்தியருக்கும், மேலும் 2 இந்தியத் தொழிலாளருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. இன்று அப்படி எதுவும் இல்லை. 2008 அரசியல் சட்டப்படி யாங்கூன் பிராந்திய அவையில் கயின், ரக்கைன் மக்களுக்குத் தனிப் பிரதிநிதி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட 135 இனங்களின் பட்டியலில் இல்லாததால் தமிழருக்கு அந்த வழியும் இல்லை. யாங்கூன், பகோ, மோன் என்று பரவி வாழும் நம்மவர்க்குத் தனித்து வெல்லக்கூடிய தொகுதியும் கிடையாது.

இத்தகைய சமூகத்துக்கு விகிதாசார முறை உண்மையிலேயே உதவும். இலங்கையில் 1988இல் 15ஆம் திருத்தம் வெட்டுப்புள்ளியை 12.5 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்த பிறகுதான் முஸ்லிம் காங்கிரஸ் போன்ற கட்சிகளுக்கு வழி திறந்தது. முறை மாறியதோடு நுழைவாயிலும் அகலமாயிற்று. மியான்மரில் நடந்தது இதன் மறுதலை: எண்ணும் முறை சிறு கட்சிகளுக்குச் சாதகமாக மாறியது; களத்தில் இறங்கும் செலவும் நிபந்தனையும் ஏறின. நாளை அங்கே உண்மையான சீர்திருத்தம் பேசப்படுமானால், வாக்கை எப்படி எண்ணுவது என்பதற்கு முன்னால் யார் போட்டியிடலாம், யார் குடிமகன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும்.