போதைக் குற்றமும் மாணவர் கல்வி நிதியுதவியும்

போதைப்பொருள் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட மாணவருக்கு அரசின் கல்வி நிதியுதவி கிடைக்குமா என்ற கேள்வியை அமெரிக்காவும் இந்தியாவும் வெவ்வேறு வழிகளில் அணுகியுள்ளன. அமெரிக்கா அவ்வுதவியை ஏறத்தாழ 20 ஆண்டுகள் நிறுத்திவைத்து, பின்னர் அந்த விதியைக் கைவிட்டது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய தனித்தடை இல்லை.

அமெரிக்கா

1965 நவம்பர் 8 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் கல்லூரியில் படிக்க உதவித்தொகையும் கடனும் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். 1998இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது, இந்தியானா மாநில உறுப்பினர் மார்க் சௌடர் முன்வைத்த தடைப்பிரிவு சேர்க்கப்பட்டது. 2000 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது.

போதைப்பொருள் வைத்திருந்ததாக முதல்முறை தண்டிக்கப்பட்டவருக்கு 1 ஆண்டும், இரண்டாம் முறை 2 ஆண்டுகளும், மூன்றாம் முறை காலவரையின்றியும் உதவி நிறுத்தப்பட்டது. விற்றவருக்கு முதல்முறையே 2 ஆண்டுத் தடை. மறுமுறை காலவரையற்ற தடை. மறுவாழ்வுச் சிகிச்சையை முடித்து, முன்னறிவிப்பில்லாத 2 பரிசோதனைகளில் தேறியவர் மீண்டும் உதவி பெறலாம்.

இவ்விதி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கொள்ளை வழக்கில் தண்டனை முடித்து வந்தவருக்கு இல்லாத தடை, சிறிதளவு கஞ்சா வைத்திருந்தவருக்கு இருந்தது. பணமுள்ள வீட்டுப் பிள்ளை அதே குற்றம் செய்தாலும் சொந்தப் பணத்தில் படித்தார். ஏழை மாணவரே படிப்பை இழந்தார். லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

2006இல் தடை சுருக்கப்பட்டது: நிதியுதவி பெறும் காலத்தில் செய்த குற்றத்துக்கு மட்டும் அது பொருந்தும் என்றானது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் தடையை முழுமையாக நீக்கியது. 2021-22 கல்வியாண்டு முதல் தண்டனை விவரம் தகுதியைப் பாதிக்கவில்லை. 2023-24 விண்ணப்பத்தில் அக்கேள்வியே இடம்பெறவில்லை.

இந்தியா

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானது. ஆயினும் கல்வி உதவித்தொகையைப் பறிக்கும் பிரிவு எதுவும் அதில் இல்லை. பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்கோ தண்டிக்கப்பட்ட, போதைக்கு அடிமையானவரை, அவர் சம்மதத்துடன் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அத்தகைய வழக்கில் தாமாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு, 64அ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இப்பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம்.

18 வயது நிறையாதவருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தும். குற்றம் நிரூபிக்கப்பட்டாலும், தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் அவருக்கு நேராது என்கிறது அதன் 24ஆம் பிரிவு. 16 வயது நிறைந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவருக்கு இச்சலுகை இல்லை.

எனினும் இந்திய மாணவருக்கு ஆபத்தே இல்லை என்று கொள்ளலாகாது. 1944இல் தொடங்கிய, பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்தின் விதிகளில், ஒழுங்கீனம் குறித்துக் கல்வி நிறுவனத் தலைவர் தெரிவித்தால் உதவியை நிறுத்தவோ ரத்துசெய்யவோ இடமிருந்தது. சிறையில் கழியும் நாட்களில் வருகைப்பதிவும் தேர்வும் தவறிப்போகும். சட்டம் பறிக்காத படிப்பை இவை பறித்துவிடக்கூடும்.